எட்ஜ்வுட்: கஜானா இல்லாத அதிகாரம்

டெக்சஸில் வீடு பார்க்கத் தொடங்கும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும், வாசல் எந்தத் திசை என்று விசாரிப்பதற்கு முன்பாகவே கேட்டுவிடும் கேள்வி, "எந்த ஐஎஸ்டி?" என்பதுதான். ஐஎஸ்டி என்றால் சுயேச்சைப் பள்ளி மாவட்டம். நம் ஊர்க் கல்வி மாவட்டத்தைப் போல இது அரசுத் துறையின் ஒரு கிளை அன்று; தனக்கென எல்லையும், வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் வாரியமும், சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் கொண்ட தனி அமைப்பு. நகர எல்லைக்கும் இதன் எல்லைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. ஆண்டிறுதியில் வீட்டுக்கு வரும் வரிச்சீட்டில் பெரும்பாலும் மிகப் பெரிய தொகை இதற்குரியதாகவே இருக்கும். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டே வீடு வாங்கியவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதுவதில் எனக்கும் பங்கு உண்டு.

நாம் யாரும் வீடு தேடிப் போகாத ஒரு பள்ளி மாவட்டத்தைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். சான் அன்டோனியோ நகரத்தின் மேற்குப் பகுதியில் உள்ள எட்ஜ்வுட் ஐஎஸ்டி அது. 1960களின் இறுதியில் அங்கே 25 பள்ளிகளில் ஏறத்தாழ 22,000 மாணவர்கள் படித்தார்கள். அவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் மெக்சிக வம்சாவளியினர். இன்று மாணவர் எண்ணிக்கை 10,000க்கும் கீழே. அமெரிக்கப் பள்ளி நிதியின் வரலாற்றை எழுதுபவர் எவரும் இந்தச் சிறிய மாவட்டத்தைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் வகுப்பைவிட்டு வெளியேறி மாவட்ட அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். பழுதான கட்டடங்களும், முழுத் தகுதிச் சான்று பெறாத ஆசிரியர்களும்தான் அவர்களுடைய குறை. பெற்றோர் விசாரிக்கத் தொடங்கியபோது, குற்றம் மாவட்ட அலுவலகத்தில் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. கெல்லி விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்துவந்த டிமெட்ரியோ ரோட்ரிகஸும் வேறு சில பெற்றோரும் அதே ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள்.

அந்த வழக்கில் பதிவான எண்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவற்றை மெதுவாகப் படிக்க வேண்டியிருக்கிறது. எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு வரி விதிக்கத்தக்க சொத்தின் மதிப்பு 5,960 டாலர். அதே நகரத்தில் சில மைல் தொலைவில் இருக்கும் அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் அது 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். நகரப் பகுதியிலேயே மிக உயர்ந்த விகிதம் அதுதான். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். எல்லாப் பள்ளிகளுக்கும் குறைந்தபட்ச நிதியை உறுதிசெய்யும் மாநிலத்தின் அடிப்படைத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட்டுக்குத் தன் வரியிலிருந்து மிஞ்சியது மாணவருக்கு 26 டாலர். குறைவாக வரி கட்டிய அலமோ ஹைட்ஸுக்கு மிஞ்சியது 333 டாலர். இந்த இடைவெளியை மாநில நிதி ஈடுகட்டியிருக்கும் என்று நினைப்போம்; மாநிலம் கொடுத்தது எட்ஜ்வுட்டுக்கு 222, அலமோ ஹைட்ஸுக்கு 225. வசதியான மாவட்டத்துக்கு மூன்று டாலர் கூடுதல்! வறுமையைக் கணக்கில் கொண்டு வந்த கூட்டாட்சி நிதியையும் சேர்த்த பிறகு மொத்தம் 356 டாலருக்கு எதிரே 594 டாலர்.

"அக்கறையுள்ள சமூகம் தன் பள்ளிக்குச் செலவழிக்கும்" என்ற வாதத்தை நம்மவர் கூட்டங்களிலும் அடிக்கடிக் கேட்கிறேன். அக்கறைக்கு அளவுகோல் வரி விகிதம் என்றால், சான் அன்டோனியோவில் அதிக அக்கறை எட்ஜ்வுட்டுக்கே இருந்தது. அங்கே இல்லாமற்போனது சொத்து. சிறிய வீடுகள் நிறைந்த பகுதி அது. பெரிய தொழிற்சாலையும் இல்லை, வணிக வளாகமும் இல்லை. பக்கத்திலேயே இருந்த விமானப்படைத் தளமோ கூட்டாட்சி அரசின் நிலம் என்பதால் அதன்மீது சொத்து வரி விதிக்க வழியில்லை.

1971இல் கீழ் நீதிமன்றம் பெற்றோரின் பக்கம் தீர்ப்பளித்தது. 1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. கல்வி கூட்டாட்சி அரசியல் சாசனம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்றும், உள்ளூர்க் கட்டுப்பாட்டைக் காப்பது மாநிலத்தின் நியாயமான நோக்கம் என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. அதை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஒருகாலத்தில் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர். வாரியம் நடத்திப் பழகியவருக்கு அந்த அதிகாரத்தின் மீதிருந்த மதிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 26 டாலரை வைத்துக்கொண்டு எட்ஜ்வுட் வாரியம் எதைக் கட்டுப்படுத்தியிருக்க முடியும்? எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுக்கும் சுதந்திரம் செலவழிக்கப் பணம் உள்ளவருக்குத்தான் சுதந்திரம் என்பதை நீதிபதி தர்குட் மார்ஷலின் நீண்ட மாறுபட்ட தீர்ப்பு விரிவாகவே விளக்கியது. (வழக்கின் தலைப்பில் எதிராளியாக நிற்கும் சான் அன்டோனியோ ஐஎஸ்டி, விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டு, பிறகு பெற்றோருக்கு ஆதரவாகவே பேசியது. தலைப்பை மட்டும் படிப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும்.)

எட்ஜ்வுட் மீண்டும் நீதிமன்றம் ஏறியது. இம்முறை மாநில நீதிமன்றம். 1984இல் தொடங்கிய அந்த வழக்கில், டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1989 அக்டோபர் 2 அன்று ஒருமனதாக எட்ஜ்வுட்டின் பக்கம் நின்றது. டெக்சஸ் அரசியல் சாசனம் திறன்மிக்க பொதுப்பள்ளி அமைப்பைக் கோருகிறது, இப்போதுள்ளது அப்படிப்பட்டதன்று என்பதே தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பிலும் அதே இரு மாவட்டங்கள் வருகின்றன: எட்ஜ்வுட்டில் மாணவருக்குச் சொத்து மதிப்பு 38,854 டாலர், அலமோ ஹைட்ஸில் 570,109 டாலர். முதல் வழக்கின்போது எட்டு மடங்காக இருந்த இடைவெளி, இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ பதினைந்து மடங்காகியிருந்தது. உள்ளூர்க் கட்டுப்பாடு காத்துத் தந்தது எதை என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டமன்றம் இயற்றிய திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீதிமன்றத்தில் விழுந்த பிறகு, 1993இல் வந்ததுதான் எல்லோரும் "ராபின் ஹூட்" என்று அழைக்கும் ஏற்பாடு. சொத்து வளம் மிக்க மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியை மாநிலம் திரும்பப் பெற்று, வளம் குறைந்த மாவட்டங்களுக்குப் பகிரும். அதைப் பற்றி இன்று என் அண்டை வீட்டார் புலம்புவதும் முற்றிலும் தவறன்று. நிலத்தின் விலை உயர்ந்ததால் "பணக்கார" மாவட்டம் ஆகிவிட்ட இடங்களில் ஏழை மாணவர்களும் படிக்கிறார்கள். ஆயினும் எட்ஜ்வுட் போன்ற மாவட்டங்களின் அன்றாடச் செலவுக்கு உயிர் கொடுத்தது அந்தச் சட்டமே என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டடங்கள் வேறு கதை. பள்ளி கட்டுவதற்கான கடன் பத்திரங்களை அடைக்க விதிக்கும் வரி அந்தப் பகிர்வுக்கு உட்பட்டதன்று. மாநிலம் அதற்கென ஓரளவு உதவினாலும், புதிய அரங்கமும் நீச்சல் குளமும் எங்கே எழுகின்றன, ஒழுகும் கூரை எங்கே ஒட்டுப் போடப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் அந்தந்த இடத்தின் நிலமதிப்பே தீர்மானிக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. டெக்சஸ் நிதி வழங்குவது பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கைக்கு அன்று. சராசரி தினசரி வருகைக்கு. காய்ச்சல் வந்தாலோ, வாடகை கட்ட முடியாமல் வீடு மாறினாலோ, தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நின்றாலோ மாவட்டத்தின் வருமானம் குறையும். ஆனால் அன்றைக்கும் ஆசிரியர் வந்திருப்பார், பேருந்து ஓடியிருக்கும், விளக்கு எரிந்திருக்கும். வருகை தவறுவதற்கான காரணங்கள் எங்கே அதிகமோ, அங்கேதான் வெட்டும் அதிகம் விழுகிறது. மாணவர் எண்ணிக்கை தேய்ந்துவரும் மாவட்டத்துக்கு இது இரட்டை அடி. ஒரு வகுப்பிலிருந்து மூன்று பேர் அரசு நிதியில் தனியார் நிர்வாகத்தில் இயங்கும் சார்ட்டர் பள்ளிக்குப் போனால் மூன்று பேருக்கான நிதி உடனே போய்விடும். வகுப்பறையையோ ஆசிரியரையோ அந்த அளவுக்கு வெட்டிக் குறைக்க முடியாது.

எட்ஜ்வுட்டின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசாமல் பணத்தை மட்டும் பேசினால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். டெக்சஸில் வாரிய உறுப்பினர்களுக்கு ஊதியம் கிடையாது. தேர்தலில் வாக்களிப்போர் மிகச் சிலர். சில நூறு வாக்குகளில் இடங்கள் தீர்மானமாகின்றன. வேலைவாய்ப்பு அரிதான பகுதியில் பள்ளி மாவட்டமே பெரிய முதலாளி என்பதால், யாருக்கு வேலை, யாருக்கு ஒப்பந்தம் என்ற கேள்விகள் வாரிய மேசைக்கு வந்துவிடுகின்றன. எட்ஜ்வுட் வாரியம் கட்சிகட்டிக்கொண்டு சண்டையிட்டது. காலியான ஓர் இடத்தை நிரப்புவதில்கூட உடன்பட முடியாத நிலைக்கு வந்தபோது, 2016இல் மாநிலக் கல்வி ஆணையர் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை ஒதுக்கிவிட்டு, தான் நியமித்த மேலாளர் குழுவிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார். அந்தச் சண்டையில் வீணான மாதங்களுக்கு நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்ட முடியாது. வாக்களிக்காத பெற்றோருக்கும் அதில் பொறுப்புண்டு.

ஆனாலும் என்னை உறுத்துவது இதுதான். 1973இல் எட்ஜ்வுட் பெற்றோர் பணம் கேட்டபோது, உள்ளூர்க் கட்டுப்பாடு புனிதமானது என்று சொல்லி மறுத்தார்கள். 2016இல் அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துக்கொண்டார்கள். அதே 2016 மே மாதத்தில், எட்ஜ்வுட்டும் சேர்ந்து நடத்திய மற்றொரு வழக்கில், டெக்சஸ் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் நிதி முறை குறைகள் மலிந்தது என்று ஒப்புக்கொண்டபடியே, அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதுதான் என்று தீர்ப்பளித்தது. நிர்வாகம் பின்னர் படிப்படியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிடம் திரும்பியது. 2023இல் இதே வழியில் ஹூஸ்டன் மாவட்டத்தை மாநிலம் கையகப்படுத்தியபோதுதான் நம்மவர் பலருக்கு இப்படியொரு அதிகாரம் இருப்பதே தெரியவந்தது.

தேர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. மாநிலம் மாவட்டங்களுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் வழங்குகிறது. அந்த ஓர் எழுத்துக்குள் மூன்று வேறு அளவுகள் இருக்கின்றன: மாணவர் அடைந்த மதிப்பெண், ஓராண்டில் கண்ட முன்னேற்றம், பிரிவுகளுக்கிடையே இடைவெளி குறைந்த விதம். வீடு வாங்குவோர் எழுத்தை மட்டும் பார்க்கிறோம். மூன்று வயது முதல் நூலகத்துக்குப் போய்வந்த குழந்தை பெறும் மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை. நம் பிள்ளைகளின் தனிப்பயிற்சிக் கட்டணத்தையும் பள்ளியின் சாதனைக் கணக்கில் எழுதிவிட்டு, அந்தச் சாதனையைக் காட்டி வீட்டின் விலையை ஏற்றுகிறோம். ஏறிய விலை மறுபடியும் அந்த மாவட்டத்தின் வரித் தளமாகிறது.

எட்ஜ்வுட்டுக்கு மாற்று மருந்து கொடுத்தவர்களும் உண்டு. 1998இல் தனியார் நன்கொடையாளர்கள் பத்தாண்டுகளில் 5 கோடி டாலர் தருவதாக அறிவித்து, அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குச் செல்ல உதவித்தொகை வழங்கினார்கள். பெற்றவர்களில் சிலருக்கு அது நல்ல வாய்ப்பாக அமைந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. மாவட்டத்திலேயே தங்கிய பெரும்பான்மையினரின் பள்ளிகளுக்கோ வருகைக் கணக்கு குறைந்தது. பத்தாண்டு முடிந்ததும் நன்கொடையும் முடிந்தது.

2025இல் டெக்சஸ் அதே யோசனையை மாநிலம் முழுமைக்கும் எடுத்துச் சென்றது. தனியார் கல்விச் செலவுக்கான கணக்குகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கும் சட்டம் மே மாதம் கையெழுத்தானது. அதே கூட்டத்தொடரில் பொதுப்பள்ளிகளுக்கு 800 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியம் முதலிய குறிப்பிட்ட செலவுகளுக்கு எனக் கட்டப்பட்டது. ஆசிரியர்களுக்கு அது சேர வேண்டியதுதான். ஒரு மாவட்டம் தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய அடிப்படைத் தொகை மட்டும், 2019 முதல் மாணவருக்கு 6,160 டாலரிலேயே நின்றிருந்தது; அது 55 டாலர் உயர்த்தப்பட்டது. மின்கட்டணம், காப்பீடு, பேருந்து போன்ற செலவுகளுக்கெனத் தனியே ஒரு தொகையும் தரப்பட்டது; ஆறு ஆண்டுகளாக விலைவாசி ஏறிய பிறகு, கூரைப் பழுது போன்ற மற்றவை அந்த 55 டாலருக்குள் அடங்க வேண்டும். எட்ஜ்வுட்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் இப்போது கையில் வைத்திருக்கும் உள்ளூர்க் கட்டுப்பாட்டின் அளவு ஏறத்தாழ அவ்வளவுதான்.