கொடியில் ஏற்றப்பட்ட புனிதர்கள்

எங்கள் திருமலையில் (திருகோணமலையில்) கிறிஸ்தவப் புனிதர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் "அதெல்லாம் வெள்ளைக்காரன்ர சாமியள்" என்று முடித்துவிடுவார். அப்படிப் பார்த்தால் இங்கிலாந்தின் பாதுகாவலரான ஜோர்ஜியாரே இங்கிலாந்துக்காரர் இல்லையே. மரபுப்படி அவர் இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியா வழிவந்தவர், இங்கிலாந்தை எட்டியும் பார்க்காதவர். பெத்லகேமுக்குப் பக்கத்தில் அல்-கதர் என்ற ஊரில் முஸ்லிம்களும் அவருக்கு நேர்த்தி வைக்கிறார்கள். அயர்லாந்தின் பத்திரிசியார் பிரித்தானியாவிலிருந்து அடிமையாகப் பிடித்துப் போகப்பட்டவர். ஸ்கொட்லாந்தின் அந்திரேயாவோ கலிலேயாவில் வலை வீசியவர். நம்ம கடற்கரைக்காரருக்குச் சொந்தம் என்றே சொல்லலாம்.

1801இல் இந்த மூவரின் சிலுவைகளையும் சேர்த்துத்தான் பிரித்தானியக் கொடியான யூனியன் ஜாக்கை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் இங்குள்ள பிரட்றிக் கோட்டையில் பறந்தது. 1957இல் கடற்படைத் தளத்தை ஒப்படைக்கும் வரை ஜோர்ஜியாரின் செஞ்சிலுவை போட்ட கொடியோடு பிரித்தானியரின் கப்பல்கள் நம் துறைமுகத்தில் நின்றன. அவர்களுக்கு முன்பே போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். ஆகவே இந்த ஊர்ச் சைவர்களின் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோபிக்க வேண்டியது கொடி ஏற்றியவனை. அந்திரேயா என்ன செய்தார், பாவம்?

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். தேவத்தையில் இருக்கும் இலங்கை மாதா பேராலயம் ஒரு நேர்த்திக்கடன். இரண்டாம் உலகப்போரில் இந்தத் தீவு அழிவிலிருந்து தப்பினால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக அன்றைய கொழும்புப் பேராயர் மசோன் வேண்டிக்கொண்டார். நாடு தப்பியது என்றே எழுதுகிறார்கள். ஆனால் 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது திருமலையில். சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது. (நான்கு நாள் முந்திக் கொழும்பிலும் போட்டார்கள் என்பது உண்மைதான்.) மாதாவிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. 'நாடு' என்று கணக்குப் பார்க்கிறவர்களின் பட்டியலில் நம் ஊர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

இந்த நாட்டுக்குப் பொதுவாக ஒரு புனிதர் வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது யோசேப் வாஸ் அடிகளாரை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்கார வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அவருக்குப் பின்னால் படையும் இல்லை, பீரங்கியும் இல்லை. கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். தமிழும் சிங்களமும் படித்தார், இரண்டிலும் போதித்தார். 2015 ஜனவரி 14 காலையில் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பின்னேரமே மன்னார்ப் பக்கத்து மாதா திருத்தலமான மடுவுக்குப் போனார். போரில் அடிபட்ட மடுவுக்கு அந்த நாளில் போனது எனக்குச் சரியாகவே பட்டது.

"கோவாக்காரரும் வெளியாள்தானே" என்று கீழே யாராவது எழுதப் போகிறீர்கள், தெரியும். ஓம், வெளியாள்தான். 24 வருடம் இங்கேயே கிடந்து, 1711இல் கண்டியிலேயே கண்மூடினார். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுக்க இது போதாதா?