பெஞ்சுக்கு வந்த காசு மணலுக்கு வரவில்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் லேஅவுட் பூங்காவில் தூரி அறுந்து விழுந்தது. (ஊஞ்சலை எங்கள் கோவைப் பக்கம் தூரி என்றுதான் சொல்வோம்.) ஆடிக்கொண்டிருந்தது இரண்டாவது வீதியில் இஸ்திரி போடுகிறவரின் மகள். ஏழு வயது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு.

அறுந்தது சங்கிலி இல்லை. சங்கிலியையும் மேலே குழாயில் இருக்கும் வளையத்தையும் கோக்கிற எஸ் கொக்கி. கையில் எடுத்துப் பார்த்தேன். சுண்டு விரல் கனம் இருக்க வேண்டிய இரும்பு, வளையத்தோடு உரசி உரசி, அறுந்த இடத்தில் தீக்குச்சி கனத்துக்கு வந்திருந்தது. ஒரே நாளில் தேய்கிற தேய்மானம் இல்லை அது. மாதக்கணக்கில் அது மேலே தேய்ந்துகொண்டிருக்க, நாங்கள் கீழே நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஹார்டுவேர் கடையில் புதுக் கொக்கி நாற்பது ரூபாய்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. பிள்ளை விழுந்தது மணலில் இல்லை, பேவர் பிளாக்கில். தூரிக்குக் கீழே முதலில் மணல்தான் கிடந்தது. "மணல்ல நாய் வந்து படுக்குது, பூனை அசிங்கம் பண்ணுது, பாக்கறதுக்கு நீட்டா இல்ல" என்று கமிட்டியில் பேசி, மணலை வாரிவிட்டுக் கல் பதித்தோம். அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் நானும் ஒருவன். அதனால் இனி நான் திட்டப்போவதில் பாதி என்னைத்தான்.

கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன். எங்கள் பூங்கா ஒரு 'ரிசர்வ் சைட்'. கோவையில் மனை வாங்கிய யாருக்கும் இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. பெரிய லேஅவுட் போடுகிறவர், சாலை போக மிச்சமுள்ள நிலத்தில் பத்து சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். வரைபடத்தில் பச்சைப் பெயின்ட் அடித்துக் காட்டுவார்கள். நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலமும் உடைந்த பீர் பாட்டிலும் கட்டட இடிபாடும். எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. ஒரு மூலையில் யாரோ மாடு கட்டினார்கள். இன்னொரு மூலையில் வேப்பமரத்தடியில் திடீரென்று ஒரு பிள்ளையார் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் பிள்ளையாருக்குச் சம்பந்தமே இல்லாத சிமெண்ட் மூட்டைகள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிவாளும் மம்பட்டியும் எடுத்துக்கொண்டு பத்துப் பேர் இறங்கினோம். முள் வெட்டியதைவிடப் பெரிய வேலை ஒன்றை எங்களில் ஒருவர் செய்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், நாங்கள் எல்லோரும் ஐயா என்று கூப்பிடுவோம். அவர் லேஅவுட் வரைபடத்துக்கும் தானப் பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகம், அந்த ஆபீஸ், இந்த ஆபீஸ் என்று நடையாய் நடந்து நகல் வாங்கினார். எழுதித் தராமலே விட்டுப்போன ரிசர்வ் சைட்டுகள் ஊரில் எத்தனையோ உண்டு. நல்லவேளை, எங்களுடையது பதிவாகியிருந்தது. அந்த நகல்களுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். இதுவரை இந்தப் பூங்காவுக்கு நாங்கள் செய்ததிலேயே உருப்படியான செலவு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தன் எல்லைக்குள் இருக்கிற இந்த மாதிரி இடங்களை உள்ளாட்சி பட்டியல் போட்டு வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கிக் கொடுத்தபோது, அந்தப் பகுதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். பூங்கா என்று ஒதுக்கியது பூங்காவாகத்தான் இருக்க வேண்டும், அங்கே குடியிருக்கிறவனுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு என்று தீர்ப்பு. அந்த மனிதர்கள் ஒரு பெஞ்சுகூட வாங்கிப் போட்டதாக நான் படித்ததில்லை. ஆனால் பூங்கா என்ற ஒன்று இருப்பதற்கே அவர்கள்தான் காரணம்.

சரி, பெஞ்சுக்கு வருகிறேன்.

வசூல் என்று இறங்கிய முதல் வாரமே ஒரு விஷயம் புரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குக் காசு கேட்டால் கிடைக்கும், தெரியாததற்குக் கிடைக்காது. "பூங்காவுல ஒரு சிமெண்ட் பெஞ்ச் போடறோம்ங்க, உங்கப்பா பேருல பண்ணலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஜிபே சத்தம் கேட்கும். "பேரு கொஞ்சம் பெருசா வரணுங், தூரத்துல இருந்து படிக்கறாப்பல" என்பது மட்டும்தான் நிபந்தனை. ஆறு பெஞ்ச் போதுமான இடத்தில் இன்று பதினான்கு பெஞ்ச் கிடக்கிறது. நாலைந்து வெயிலில் கிடந்து காய்கிறது, மதியம் அதில் உட்கார்ந்தால் தோசைக்கல்தான். உபயதாரர் பேரின் மேல் சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் பெயின்ட் ஒட்டும். எட்டு வடிவ நடைபாதைக்குக் காசு வந்தது. ஓப்பன் ஜிம்முக்கு வந்தது. நுழைவு வளைவுக்கு வந்தது. நீரூற்றுக்குக்கூட வந்தது. நீரூற்று சரியாகப் பதினேழு நாள் ஓடியது, பதினெட்டாம் நாள் மோட்டாரில் கண்டன்சர் போனது. அதை மாற்ற ஆள் பிடிக்கிற பொறுப்பு யாருக்கு என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போது அதில் கொசு மட்டும்தான் நீந்துகிறது.

அதே ஆட்களிடம் மாதம் நூறு ரூபாய் சந்தா கேட்டுப் பாருங்கள். எதற்கு? கூட்டுவதற்கு, தண்ணீர் விடுவதற்கு, கொக்கி மாற்றுவதற்கு. "பாக்கலாங்", "அடுத்த மாசம் சேத்துக் குடுத்தர்றேன்", "வீட்டுக்காரம்மாகிட்ட சொல்றேனுங்". எழுபத்துச் சொச்சம் வீட்டில் விடாமல் கொடுப்பது முப்பது வீடு. இருபதாயிரம் ரூபாய் பெஞ்ச் வாங்கிக் கொடுத்த ஒருவர் நூறு ரூபாய்க்கு என்னை நாலு நடை நடக்கவிட்டிருக்கிறார். அவர் கஞ்சர் இல்லை. நூறு ரூபாயில் பேர் எழுத இடம் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் பூங்காவை ஒரு அக்கா கூட்டுகிறார். காலை ஐந்தரைக்கு வந்துவிடுவார். சம்பளம் ஆறாயிரம். சந்தா வராத மாதம் அதிலும் பாக்கி விழும். நுழைவு வளைவு திறந்த அன்று மேடையில் பதினோரு பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அன்றைக்கு அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அதைவிடக் கூச்சம் இது. தூரி அறுந்து விழுவதற்கு மூன்று வாரம் முன்னால் அவர் என்னிடம் சொன்னார். "ஏனுங் சார், அந்தத் தூரி ஒரு மாதிரி சத்தம் போடுதுங், என்னன்னு பாருங்." நீரூற்றுத் திறப்பு விழா பேனருக்கு யார் யார் போட்டோ வைப்பது என்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். "சரிங்க்கா, பாக்கலாம்" என்று கையைக் காட்டினேன். வாட்ஸ்அப் குரூப்பில் நூற்று முப்பது பேர் இருக்கிறோம், தினமும் குட்மார்னிங் ரோஜாப்பூ வருகிறது. பூங்காவைத் தினமும் கையால் தொடுகிற ஒரே ஆள் அந்தக் குரூப்பில் இல்லை.

"சொத்து வரி கட்டறோம்ல, நாம எதுக்குச் செய்யணும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அரசாங்கமே 'நமக்கு நாமே' என்று திட்டம் வைத்திருக்கிறது. 1997-ல் வந்தது, 2021-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடும். நல்ல திட்டம்தான், எங்கள் நடைபாதையும் காம்பவுண்டும் அதில் வந்தவை. ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிகிற தெருவுக்குத்தான் அது வரும். எங்களிடம் ஐடி கம்பெனிக்காரர்களும் பென்ஷன்காரர்களும் இருக்கிறார்கள், ஒரு வாரத்தில் சேர்த்துவிட்டோம். ரயில்வே பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்பில் பிள்ளைகள் எங்களைவிட மூன்று மடங்கு அதிகம். அங்கே ரிசர்வ் சைட்டும் கிடையாது, திரட்டுவதற்குக் காசும் கிடையாது. அந்தப் பிள்ளைகள் எங்கள் பூங்காவுக்குத்தான் வருகிறார்கள்.

இங்கேதான் எனக்கும் கமிட்டிக்கும் சண்டையே. "நாம காசு போட்டுக் கட்டினது, வெளியாளுங்க வந்து பாழ் பண்றாங்க" என்றார்கள். கேட்டுக்குப் பூட்டு வந்தது. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை மூடல். மதிய வெயிலில் புங்கமரத்தடியில் கால் மணி நேரம் கண் அசருகிற சாப்பாடு டெலிவரி பையன்களும், இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில் டிபன் பாக்ஸைத் திறக்கிற அக்காமார்களும் வெளியே நின்றார்கள். "பந்து விளையாடக் கூடாது" என்று போர்டு. பிறகு அதற்குக் கீழே "சைக்கிள் கூடாது". பிள்ளைகள் என்னதான் செய்வது, எட்டு போட்டு நடப்பதா? நிலம் உள்ளாட்சியுடையது, காசில் மூன்றில் இரண்டு பங்கு அரசுடையது. ஐயா அலைந்து வாங்கிய அந்தத் தானப் பத்திரத்தில் எங்கள் யார் பேரும் இல்லை. பெஞ்ச் கொடுத்தவருக்கு அந்தப் பெஞ்சில் உட்காரும் உரிமைகூட மற்றவருக்கு இருக்கிற அளவுதான்.

மரம் விஷயத்திலும் இதே அவசரம்தான். சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று காம்பவுண்டு ஓரம் முழுக்கக் கோனோகார்பஸ் நட்டோம். இரண்டே வருடத்தில் சுவர் மாதிரி எழும்பியது, எல்லோரும் கைதட்டினார்கள். 2023-ல் குஜராத் அரசு அதை நடக் கூடாது என்று தடை போட்டது. மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை, வேர் போய்க் குழாயை உடைக்கிறது என்று காரணம் சொன்னார்கள். ஐயா அன்றைக்கே "புங்கன் வைங்க, நாவல் வைங்க, மெதுவா வரும், வந்தா நிக்கும்" என்றார். யார் கேட்டோம்? கொரியன் புல்லைப் பற்றி எழுதினால் பதிவு இன்னும் நீளும். ஒரு வரி மட்டும். கோடையில் மூன்று லாரித் தண்ணீர் வாங்கி அந்தப் புல்லுக்கு ஊற்றினோம், குடிக்கிற குழாயில் சொட்டு வரவில்லை.

நன்றாக நடக்கிற இடங்களைப் பாருங்கள். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவைப் பல வருடமாக சுந்தரம் ஃபைனான்ஸ் பராமரிக்கிறது. அங்கே போனால் என் கண்ணில் படுவது, எந்நேரமும் யாராவது குனிந்து வேலை செய்துகொண்டிருப்பதுதான். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைப் பார்த்துக்கொள்ள 1980-ல் ஊர்க்காரர்கள் தொடங்கிய அமைப்பு, பூங்காவைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கியிருக்கிறது. இந்த மூலைக்கு இன்னார் என்று கேட்டால் பேர் சொல்ல முடியும். அவர்கள் பணக்காரர்கள், நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்பீர்கள். எங்கள் மொத்தப் பூங்காவுமே அவர்களுடைய ஒரு மூலைகூட இருக்காது. ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆளுக்கு மாசமானால் சம்பளம் கொடுக்க வேண்டும், அவர் "சத்தம் போடுதுங்" என்றால் காது கொடுக்க வேண்டும்.

போன ஞாயிறு கமிட்டியில் கத்தித் தீர்த்து மூன்று முடிவு வாங்கியிருக்கிறேன். பெஞ்ச், வளைவு, சிலை எதற்கும் இந்த வருடம் காசு வாங்குவதில்லை. யாராவது தந்தே தீருவேன் என்றால் அக்காவின் ஒரு வருடச் சம்பளத்துக்குத் தரட்டும், ரசீதில் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டுத் தருகிறோம். கேட் காலையிலிருந்து இரவு வரை திறந்திருக்கும். இதற்கு மட்டும் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள், பரவாயில்லை. மூன்றாவது, தூரிக்குக் கீழே மறுபடி மணல். எம்-சாண்ட் வேண்டாம், அது பிள்ளைகள் காலைக் கிழிக்கும். ஆற்று மணல்தான் வேண்டும், விலை கேட்டால் தலை சுற்றுகிறது. இதுவரை சேர்ந்தது நாலாயிரத்து இருநூறு. அதில் ஐந்நூறு இஸ்திரிக்காரர் கொடுத்தது. வேண்டாம் என்றேன், துணிக்கட்டுக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பேவர் பிளாக்கைப் பெயர்க்கிறோம். கடப்பாரை எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் எடுத்து வரவும். டீ உண்டு.