"பாடத்தை அப்புறம் நுழைச்சுக்கலாம்"

பிள்ளைகளுக்குப் பாடம் கற்றுத்தரும் கம்ப்யூட்டர் கேம்களைப் பற்றி நேற்று நடந்த கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கேமை எப்படித் திட்டமிடுவது என்பதற்கான பொதுச் சட்டகம், அதாவது ஃபிரேம்வொர்க், வேண்டுமா என்று பேச்சு வந்தது. "ஃபிரேம்வொர்க் எல்லாம் ஆய்வுக் கட்டுரை எழுதுறவங்களுக்கு. முதல்ல கேமைச் செய்ங்க, பாடத்தை அப்புறம் நுழைச்சுக்கலாம்" என்று ஒருவர் சொன்னதும் பாதிப் பேர் கைதட்டினார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

பாடத்தை அப்புறம் நுழைக்க முடியாது. நுழைத்துப் பார்த்துக் கெட்டவன் சொல்கிறேன்.

பின்னத்துக்கு ஒரு கேம் செய்தோம். ஒரு பையன் ஓடிக்கொண்டே இருப்பான், நடுநடுவே கேள்விப் பெட்டி வரும். சோதித்த அன்று ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி வந்ததும் அவள் கேள்வியைப் படிக்கவே இல்லை. நான்கு விடைகளையும் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தாள். சரியான விடையில் விரல் பட்டால் பெட்டி மூடிக்கொள்ளும், மறுபடி ஓடலாம்.

அவள்மேல் தப்பில்லை. கேமைச் செய்த எங்களுக்குள் பொதுவான ஒரு மொழியே இல்லை. எங்கள் டீமில் இருந்த ஆசிரியை 'ஃபீட்பேக்' என்றது, ஏன் தப்பு என்று பிள்ளைக்குப் புரியவைப்பதை. புரோகிராமருக்கு அது ஒரு சிவப்பு விளக்கும் சத்தமும். 'கஷ்டமான லெவல்' என்றால் அவருக்கு வேகம் கூடுவது, ஆசிரியைக்குப் பகுதி எண்கள் மாறுவது. மூன்று மாதம் தலையாட்டிக்கொண்டே ஆளுக்கொரு கேம் செய்திருக்கிறோம்.

ஃபிரேம்வொர்க் கேட்பது இதற்காகத்தான். 2004இல் வந்த எம்டிஏ என்ற ஃபிரேம்வொர்க் ஒரு கேமை விதி, அந்த விதியால் ஆட்டத்தில் நடப்பது, ஆடுபவர் உணர்வது என்று மூன்றாகப் பிரித்துப் பேசவைத்தது. கற்றலுக்கு அதில் தனி இடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கற்கும் செயலையும் ஆடும் செயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தும் முறைகள் பின்னால் வந்தன.

"கற்பனை செத்துப்போகும்" என்பீர்கள். ஸோம்பி டிவிஷன் என்ற வகுத்தல் கேமில் எதிரியாக வரும் எலும்புக்கூட்டின் மார்பில் ஓர் எண் இருக்கும். அதை மீதியில்லாமல் வகுக்கிற எண்ணுக்கான ஆயுதத்தால் அடித்தால்தான் விழும். வகுத்தலே சண்டை. 2011இல் ஹாப்குட், ஐன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், சண்டையையும் கணக்கையும் பிரித்துவைத்த வடிவத்தைவிட இதில் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். இந்த இரண்டு வடிவங்களில் எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது, இதை ஏழு மடங்கு நேரம் ஆடினார்கள். கற்பனை எங்கே செத்தது?

"சின்ன டீம், நேரமில்லை" என்றால், மூன்று மாத வேலையைத் தூக்கிப்போட மட்டும் நேரம் இருக்கிறதா?

உண்மையில் என்னைச் சுட்டது வேறு. நேற்றுக் கூட்டத்தில் அந்த ஆசிரியை எழுந்து, "இதுல பிள்ளை யோசிக்கிற இடம் எது சார்?" என்று கேட்டார். "அது கடைசியில பாத்துக்கலாம் டீச்சர்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று பிள்ளைகள் எழுதுவார்கள், ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று அந்த அறையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் உட்காரச் சொன்னார்கள்.

நாளை அவரைப் பார்க்கப் போகிறேன். அந்த ஐந்தில் இரண்டிலிருந்தே தொடங்குகிறோம். கம்ப்யூட்டரை அப்புறம் திறந்துகொள்கிறோம்.