முதல் நாள்களில் மனம் கனக்கும்

காலையில் எழுந்ததும் நாட்குறிப்பு எழுதினால் மனம் உடனே இலேசாகிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதில் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், வாழ்வின் ஆறாத துயரத்தை நாளுக்குப் 15 நிமிடம் வீதம் தொடர்ந்து 4 நாள்கள் எழுதிய மாணவர்கள், எழுதி முடித்தவுடன் முன்னைவிட வருத்தமாகவே உணர்ந்தார்கள். ஆனால், நடந்ததோடு தம் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ உதவியை நாடியது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே, புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் சில நாள்களின் கனத்தைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம். எழுத எழுதத் துயரம் பெருகிக்கொண்டே போனால் மட்டும் மனநல மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

அம்மா இறந்த பிறகு நானும் விடியற்காலையில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அதன் அருகிலேயே அமர்ந்து எழுதத் தொடங்கினேன். கடைசி நாளில் அவர் தண்ணீர் கேட்டதையும் நான் கொடுக்காததையும் எழுதிய அன்று, பக்கம் முழுவதும் மை கலைந்து போயிற்று; மூன்று நாள் நோட்டைத் தொடவே அஞ்சினேன். இரண்டு வாரம் கழித்து அதையே மறுபடியும் எழுதியபோதுதான், ‘வாய்வழியாக எதுவும் தரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்’ என்ற வரி தானாக வந்து விழுந்தது. அதுவரை அது என் நினைவுக்கே வரவில்லை.