ப்ரூச் அல்ல, மூடி
இங்கிலாந்து வயலில் கிடைத்த எனாமல் பதித்த ரோமானியச் செம்புக்கலவைத் தகட்டை ‘ஊசி ஒடிந்த ப்ரூச்’ (ஆடையில் குத்தும் அணி) என்று இந்தக் கட்டுரை சொல்வது சந்தேகமே. ப்ரூச் என்றால் பின்புறம் ஒரு முனையில் ஊசிக்கான சுருளோ கீலோ, மறுமுனையில் ஊசி மாட்டும் மடிப்போ இருக்கும். ஒடிந்தாலும் தழும்பு மிஞ்சும். படத்திலோ ஓரத்தில் ஒரு கீல் காது, எதிர்முனையில் உட்பக்கம் நீட்டிய சிறு முளை, அவ்வளவுதான். முத்திரைப் பெட்டியின், அதாவது கட்டிய நூலின் மேலிட்ட மெழுகு முத்திரையைக் காக்கும் சின்னப் பெட்டியின், மூடி இப்படித்தான் இருக்கும். அடிப்பாகம் கிடைத்திருந்தால் குழப்பமே இல்லை: அடித்தட்டில் பெரும்பாலும் மூன்று நான்கு துளைகள், பக்கச் சுவரில் நூல் நுழைய எதிரெதிர் வெட்டுகள் இருக்கும்; உள்ளேதான் அன்று மெழுகு இட்டார்கள். மேலே பின்னூட்டத்தில் ஒருவர் சுத்தம் செய்ய வினிகரில் ஊறவைக்கச் சொல்கிறார், வேண்டவே வேண்டாம்! செம்பின் மேல் படிந்த அந்தப் பச்சைப் படலத்தில்தான் பழைய மேற்பரப்பே இருக்கிறது. அதைக் கரைத்தால் எனாமலும் உதிரக்கூடும். அளவுகோலுடன் முன், பின், பக்கவாட்டுப் படங்களும் கிடைத்த இடத்தின் துல்லியமான குறிப்பும் பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவு செய்யும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் வட்டார அலுவலருக்குப் போகட்டும்.