வேளைக்காரர் என்றாலே தற்கொலைப்படையா?

சோழர் காலத்து வேளைக்காரப் படையை "தற்கொலைப்படை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பாதிப் பேர் "வேலைக்காரர்" என்று வேறு எழுதுகிறார்கள். வேளை வந்தால் உயிரைக் கொடுப்போம் என்று சபதம் ஏற்றவர்கள் என்பதுதான் பரவலான விளக்கம். சபதம் சரி. ஆனால் ஆயுள் முழுக்க சாவை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த கூட்டம் இல்லை இது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். அழகியசோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர், சண்டபராக்ரமத் தெரிந்த வலங்கை வேளைக்காரர் என்று வரிசையாக வரும். வலங்கை, இடங்கை என்பவை அன்றைய சமூகப் பிரிவுகள். "தெரிந்த" என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட. அரசனின் பட்டப்பெயரைத் தாங்கிய நிரந்தரப் படைப்பிரிவுகள் இவை.

விசுவாசத்துக்கும் எல்லை இருந்தது. இலங்கை அரசன் முதலாம் விஜயபாகு சோழர்மேல் படையெடுக்கக் கிளம்பியபோது, அவனிடம் பணியில் இருந்த வேளைக்காரர் போக மறுத்துக் கலகம் செய்தார்கள். தளபதிகள் இருவரைக் கொன்றார்கள், அரண்மனையைக் கொளுத்தினார்கள், அரசனின் தங்கையையே பிடித்து வைத்தார்கள். இதைச் சொல்வது இலங்கையின் வரலாற்று நூலான மகாவம்சம். கலகம் அடங்கியதும் தலைவர்களுக்குக் கிடைத்த தண்டனை கொடூரமானது.

வேடிக்கை என்னவென்றால், அதே விஜயபாகு இறந்தபின் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரரிடமே வந்தது. இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவையில் உள்ள தமிழ்க் கல்வெட்டு அந்த ஒப்பந்தம்தான். ராஜகுருவான பௌத்தத் துறவி முகலன் தேரர் கேட்க, இவர்கள் வளஞ்சியர், நகரத்தார் என்ற வணிகக் குழுக்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஏற்கிறார்கள். கோயிலுக்கு "மூன்றுகைத் திருவேளைக்காரன்" என்று தங்கள் பெயரையே சூட்டுகிறார்கள். பராமரிப்புக்கு நிலம் ஒதுக்குகிறார்கள். கோயிலின் ஊர்கள், ஊழியர், உடைமை, அடைக்கலம் புகுந்தவர் என்று எதையெல்லாம் காப்போம் என்பதைத் தனித்தனியாகச் சொல்கிறார்கள். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர் (தெலுங்கர்), மலையாளர் என்று உட்பிரிவுகளும் அதிலேயே இருக்கின்றன. ஆக, ஒரே இனத்தாரும் இல்லை.

தலைவனோடு சேர்ந்து சாவது வேறு இடங்களில் நடந்ததுதான், மறுக்கவில்லை. 1220-இல் ஹொய்சள மன்னன் இரண்டாம் வல்லாளன் மறைந்ததும் அவனுடைய மெய்க்காவலன் குவர லக்ஷ்மன் உயிர்விட்டதை கர்நாடகத்தின் ஹளேபீட்டில் உள்ள தூண் பதிவு செய்கிறது. அந்தத் தூணை வைத்து வேளைக்காரருக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது.

பொலன்னறுவை போகிறவர்கள் வட்டதாகே என்ற வட்டவடிவ பௌத்தக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே முற்றத்தில், புனிதப் பல் இருந்த அட்டதாகே கோயிலை ஒட்டி நிற்கிறது இந்த வேளைக்காரர் கல்வெட்டு.