ஒரே ஒரு டிப் போதுமா? போதாது

"புதுப் பவளத்தைப் பத்து நிமிடம் டிப் மருந்தில் முக்கினால் எல்லாப் பூச்சியும் செத்துவிடும், நேராகத் தொட்டியில் வைக்கலாம்" என்று ரீஃப் தொட்டி (உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வளர்ப்பவர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இதை நம்பினால் தொட்டியில் இருக்கும் மற்ற பவளங்களும் பறிபோகலாம்.

டிப் மருந்து, அதாவது பவளத்தை முக்கியெடுக்கும் மருந்துக் கரைசல், ஊர்ந்து திரியும் புழுக்களை உதிர்க்கும். முட்டைகளை அழிக்கும் என்று நம்ப முடியாது. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவைப் பாருங்கள். தான் தின்று வெறுமையாக்கிய பவள எலும்புக்கூட்டின் மேல், பெரும்பாலும் கிளையின் அடிப்பக்கத்தில், பழுப்பு முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கும். 27 டிகிரி செல்சியஸில் அவை பொரிக்கச் சுமார் 11 நாள் ஆகும். முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை ஏறக்குறைய 38 நாள். தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் நீளும். அப்படியிருக்க, முதல் நாள் டிப் எப்படிப் போதும்?

முதலில், பவளம் ஒட்டிவந்த பிளக்கை (சிறு அடிக்கட்டையை) கழற்றி எறியுங்கள். அடிப்பகுதியை லென்ஸ் வைத்துப் பார்த்து, முட்டை தெரிந்தால் சுரண்டுங்கள். அந்தத் துண்டை வெட்டிவிடுவது இன்னும் நல்லது. அப்புறம் தனித் தொட்டியில் ஆறு வாரத்துக்குக் குறையாமல் வைத்து, வாரம் ஒருமுறை டிப் செய்யுங்கள். அயோடின் கரைசல் முக்கியமாகக் கிருமிநாசினி. பூச்சிக்கு அதை நம்ப வேண்டாம்.

பவளம் வந்த பையின் தண்ணீரையும் டிப் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றவே கூடாது. புதுப் பவளத்துக்கு வெளிச்சத்தைக் குறைவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.